தகட்டின் கதை – 17: ஒட்ட மறுத்த நாகம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தடா. அங்கே வலப்பக்கம் இறங்கினால் சில கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும் உப்புநீர். இடப்பக்கம் இறங்கினால் ஸ்ரீசிட்டி. சந்திப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றால், பாய் போலச் சுருட்டிய எஃகுத் தகட்டைச் சங்கிலி போட்டு இறுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் திரும்புவதைப் பார்க்கலாம். சுருள் ஒன்று பத்துப் பதினைந்து டன் இருக்கும். டிரைவர்கள் அதைக் ‘காயில்’ என்பார்கள். மேலே தார்ப்பாய் மூடியிருக்கும். நான் உட்கார்ந்த டீக்கடை பெஞ்சின் கால்களோ துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. ஏரிக் காற்றின் வேலை.

தார்ப்பாய்க்குள் இருப்பதும் இரும்புதான், பெஞ்சுக் காலும் இரும்புதான். இடையில் இருக்கும் வித்தியாசம் ஏழெட்டு மைக்ரான் கனமுள்ள ஒரு தோல். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தத் தோலை எஃகின் மேல் ஒட்டவைக்க உலகம் பட்ட பாடுதான் இந்த வாரம்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. எல்லைப் போராட்டத்தில் திருப்பதி போனதும் திருத்தணி வந்ததும் நம்மவர்களுக்கு நினைவிருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது, பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து ஒரு கொத்து ஊர்கள் அந்தப் பக்கம் போயின. அதுதான் சத்தியவேடு வட்டம். அதை நாம் மறந்தே போனோம். அங்கே பேச்சில் தமிழும் தெலுங்கும் இன்னும் கலந்தே ஓடுகின்றன. 2008இல் ஸ்ரீசிட்டி எழுந்தது இந்த மண்ணில்தான். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூர் என்ற முகவரி திருப்பதி என்று மாறியது. ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016 ஏப்ரலில் இங்கே வண்டி கட்டத் தொடங்கியது. 2020இல் பிரஸ் ஷாப்பும் சேர்ந்தது. சத்தியவேட்டுக்கு அருகே மாதனபாளையத்தில் ஹீரோ மோட்டோகார்ப்பின் இருசக்கர வாகன ஆலையும் இருக்கிறது.

பிரஸ் ஷாப் என்றால், தகட்டை அச்சான டைக்கும் அதில் இறங்கும் ‘பஞ்ச்’சுக்கும் நடுவே வைத்து ஒரே அமுக்கில் கதவாகவும் பானெட்டாகவும் தூணாகவும் ஆக்கும் இடம். அங்கே நிற்கிறவர்கள் தகட்டிடம் மூன்று வரம் கேட்கிறார்கள். அமுக்கினால் கிழியாமல் வளைய வேண்டும். வண்டி மோதினால் நசுங்காமல் நிற்க வேண்டும். பத்து வருஷம் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்தாலும் துருப்பிடிக்கக் கூடாது. மூன்றையும் ஒரே தகட்டிடம் கேட்பதுதான் சிக்கல். ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பிடுங்கிக்கொள்வது எஃகின் குணம்.

வலிமையைச் சொல்ல ஜப்பானிய ஆலைகளில் ஒரு பழைய வழக்கு உண்டு: 45 கிலோ, 60 கிலோ, 80 கிலோ, 100 கிலோ. ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகை இழுத்துப் பிய்க்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பது கணக்கு. இன்றைய அட்டவணைகளில் 440, 590, 780, 980 மெகாபாஸ்கல் என்று விநோதமான எண்களாக நிற்பவை எல்லாம் அந்தப் பழைய கிலோக்களை 9.8ஆல் பெருக்கியதில் வந்தவை. சாதாரணக் கார்க் கதவுத் தகடு 30 கிலோ ரகம். இழுத்தால் நாற்பது சதவீதம்கூட நீளும், மைதா மாவு போல. 60 கிலோ ரகம் அதில் ஏறக்குறையப் பாதிதான் நீளும். 100 கிலோ ரகம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தோடு பிய்ந்துவிடும். பிய்யாமல் வளைந்தாலும், டையிலிருந்து எடுத்ததும் முறுக்கிக்கொண்டு கொஞ்சம் பழையபடி நிமிரும். ‘ஸ்பிரிங்பேக்’ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வலிமைக்கும் வளைவுக்கும் உள்ள இந்தச் சண்டை எல்லோரும் அறிந்தது. மூன்றாவது வரம், அதாவது தோல், அதைவிடப் பெரிய தலைவலி என்பதை வெளியே அதிகம் பேர் சொல்வதில்லை.

தகட்டுக்குத் தோல் போர்த்தும் வேலையில் இந்த வட்டாரத்துக்கு ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. கிருஷ்ணதேவராயர் 30,000 வராகன் கொடுத்துத் திருமலையின் ஆனந்தநிலைய விமானத்துக்குப் பொன்பூசினார். வேலை முடிந்தது 1518இல். நமக்கு இது தெரிவது கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளால்தான். திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2008இல் கருவறைச் சுவர்களுக்கே பொன்தகடு போர்த்தும் திட்டம் ஒன்று வந்தது. தகட்டை அடிக்கும் ஆணியில் கல்வெட்டு சிதையும் என்று வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. பூச்சு வேலை நடந்ததற்கான சாட்சியத்தையே இன்னொரு பூச்சு மூடப் பார்த்தது.

செப்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, பாதரசம் பூசி, பொன்ரேக்கை ஒற்றி ஒற்றி ஏற்றுவது மரபு முறை. செம்பு சாதுவான உலோகம். தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டால் பொன்னை வாங்கிக்கொள்ளும். ஆனால் பொன்னின் காவல் குடை பிடிக்கிற காவல்தான். குடையில் ஓட்டை விழுந்தால் ஓட்டைக்குக் கீழே நனையும். இரும்பின் மேல் பொன்னைப் பூசி ஒரு கீறல் போட்டுப் பாருங்கள்; பூசாத இரும்பைவிட அந்தக் கீறல் வேகமாக அரிக்கும்.

துத்தநாகத்தின் காவல் வேறு. நாட்டு வழக்கில் ‘நாகம்’ என்போம். கீறல் விழுந்தால், பக்கத்தில் இருக்கும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். மின்வேதியியல் வரிசையில் இரும்பைவிட அது கீழே நிற்பதால், அரிக்க வரும் எதுவும் முதலில் அதைத்தான் தின்னும். 1830களில் பிரான்சில் சொரெல் காப்புரிமை வாங்கியதையும், அந்தத் தகடு நம் ஊர் டூரிங் டாக்கீஸ் கூரை வரை வந்ததையும் முன்பே பார்த்துவிட்டோம். அந்தக் காலத்தில் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, அமிலத்தில் கழுவி, உருகிய நாகத்தில் முக்கி எடுத்தார்கள். பூச்சு கனமாக ஒட்டும். மடக்கினால் பொரிந்து உதிரும். கூரைக்குப் போதும். கார்க் கதவுக்கு ஆகாது.

அதை மாற்றியவர் தடெயுஷ் செந்திமிர் என்ற போலந்துக்காரர். முதல் உலகப் போர்க் கலவரத்தில் ஷாங்காய் போய்ச் சேர்ந்து, அங்கே ஆணியும் திருகாணியும் செய்யும் பட்டறை வைத்தவர். பூச்சு ஏன் உதிர்கிறது என்று ஆணிக்காரர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நாகத்துக்கும் இரும்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதுதான் குற்றவாளி என்று கண்டுகொண்டார். பட்டையாக ஓடும் தகட்டை முதலில் சூட்டில் வேண்டுமென்றே லேசாக ஆக்சைடாக விட்டார். எண்ணெயும் அழுக்கும் எரிந்துபோயின. அடுத்து ஹைட்ரஜன் நிரம்பிய உலைக்குள் ஓட்டினார். ஆக்சைடு உரிந்து பச்சைக்குழந்தை மேனியாக இரும்பு வெளிப்பட்டது. காற்றே படாமல் அப்படியே நாகத் தொட்டிக்குள் இறக்கினார். 1933 வாக்கில் போலந்தில் முதல் ஆலை. 1936இல் அமெரிக்காவின் பட்லர் நகரில் ஆர்ம்கோ நிறுவனத்தில் அடுத்தது. இன்று உலகில் ஓடும் நாகப்பூச்சு வரிசைகளில் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள். தகடு நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓடும். சுமார் 460 டிகிரி தொட்டியில் சில வினாடிகள் முங்கி, செங்குத்தாக மேலேறும். இரண்டு பக்கமும் காற்றைக் கத்தி போல வீசி மிச்ச நாகத்தை வழித்துவிடுவார்கள். தொட்டியில் 0.2 சதவீதம் போல அலுமினியம் சேர்ப்பது பின்னால் பிடிபட்ட சூட்சுமம். அது இரும்பின் மேல் மின்னல் வேகத்தில் ஒரு மெல்லிய இடைப்படலம் போட்டு, இரும்பும் நாகமும் கண்டபடி கலந்து நொறுங்கும் கலவையாகாமல் தடுக்கிறது. வளைத்தாலும் உதிராத பூச்சு அதனால்தான் கிடைத்தது.

இவ்வளவும் மென்மையான எஃகுக்கு. 1973இல் பெட்ரோல் விலை எகிறியது. காரின் எடையைக் குறை என்றார்கள். குறைந்த கனத்தில் அதே வலிமை வேண்டும். அப்போது மேலே வந்ததுதான் இரட்டைக்கட்ட எஃகு. மென்மையான பெரைட் மாவுக்குள், முறுக்கில் தேங்காய்ச் சில்லு போலக் கடினமான மார்ட்டென்சைட் தீவுகள். தகட்டை 800 டிகிரி பக்கம் சூடாக்கி, பாதி மாறிய நிலையில் சட்டென்று குளிரவைத்தால் கிடைக்கும். மாவு வளையும், தீவு தாங்கும். வளைவுக்கும் வலிமைக்கும் இடையே அதுவரை யாரும் பார்க்காத ஒரு சமாதானம்.

ஆனால் அதை நாகத் தொட்டி வரிசையில் ஓட்டியபோது கதை திரும்பியது. சட்டென்று குளிரவைக்க வழியில்லை. நடுவில் 460 டிகிரி தொட்டி மறித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே தங்கும் நேரத்தில் எஃகு சோம்பி, மார்ட்டென்சைட் ஆகாமல் வேறெதுவாகவோ ஆகிவிடும். அதைத் தள்ளிப்போட மாங்கனீசைக் கூட்ட வேண்டும். குரோமியம், மாலிப்டினமும் கொஞ்சம். ஆக, பூச்சு வேண்டும் என்பதற்காகவே எஃகில் மாங்கனீசு ஏறியது. ஏறிய மாங்கனீசோ அந்தப் பூச்சையே ஒட்டவிடாமல் செய்தது!

ஏன்? செந்திமிர் நம்பிய ஹைட்ரஜன் இரும்பின் ஆக்சைடைத்தான் உரிக்கும். மாங்கனீசும் சிலிக்கனும் அதற்கு அசைவதில்லை. ஆக்சிஜன் மேல் அவற்றுக்கு இரும்பைவிடப் பெரிய பசி. உலையில் எள்ளளவு ஈரம் இருந்தால் போதும், எஃகின் உள்ளிருந்து ஊர்ந்து வந்து மேற்பரப்பில் ஆக்சைடாக உட்கார்ந்துவிடும். தாமரை இலையில் தண்ணீர் போல, உருகிய நாகம் அதன் மேல் உருண்டு விலகும். வெளியே வரும் தகட்டில் அங்கங்கே பூச்சே இல்லாத புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நாளைய துரு.

இந்த மாங்கனீசுக்கு நம் பக்கத்திலும் ஒரு பழைய கதை உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்திய கும்பினி அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத்தைச் சேலம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஆலையில் நொடித்து, இங்கிலாந்து திரும்பிய அதே மனிதர்தான் 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுக்க அதைப் பயன்படுத்தியது. அவருக்குப் பணம் தர யாரும் முன்வரவில்லை. வழக்கு மேல் வழக்காக ஆடி, 1851இல் அவர் இறந்தார். எஃகு வரலாற்றில் மாங்கனீசு யாரையும் நிம்மதியாக விட்டதில்லை போலிருக்கிறது.

பூச்சு ஒட்டாத சிக்கலுக்கு முதலில் எல்லோருக்கும் தோன்றிய மருந்து, ஈரத்தை இன்னும் துடைப்பது. உலை வாயுவின் பனிநிலையை, அதாவது அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையை, மைனஸ் 40, மைனஸ் 60 டிகிரி என்று இறக்கிப் பார்த்தார்கள். ஆலை அளவில் அந்த வறட்சியைக் கட்டிக்காப்பது பெரும்பாடு. இறக்கினாலும் மாங்கனீசுக்கு மிச்சமிருக்கும் ஈரமே போதுமானதாக இருந்தது. வென்றது எதிர்ப்பக்கமாக யோசித்தவர்கள். ஈரத்தைக் கூட்டினார்கள். பனிநிலை மைனஸ் 10 பக்கம் ஏறியதும் ஆக்சிஜன் எஃகின் தோலைத் தாண்டி உள்ளே நுழைந்து, மாங்கனீசையும் சிலிக்கனையும் மேற்பரப்புக்கு ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் கீழேயே மடக்கிவிட்டது. சண்டைக்காரர்களை வாசலுக்கு வரவிடாமல் கூடத்திலேயே உட்காரவைப்பது போல. வாசலில் சுத்த இரும்பு. நாகம் வந்து படிந்தது. இன்னொரு வழி, உலையின் முதல் பகுதியில் இரும்பை வேண்டுமென்றே ஆக்சைடாக்கி மூடிவிட்டு, பின்பு ஹைட்ரஜனால் அந்த மூடியை மட்டும் இரும்பாகத் திருப்புவது. இந்த இரண்டாவது வழியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஷாங்காய் ஆணிக்காரர் அழுக்கை எரிக்கச் செய்த அதே காரியத்தை, அரை நூற்றாண்டு கழித்துப் புது வித்தையாகத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜப்பானிய நிறுவனங்கள் இதோடு விடவில்லை. நாகம் பூசிய தகட்டை உடனே 500 டிகிரிக்கு மேல் மறுபடி காய்ச்சி, இரும்பு பூச்சுக்குள் ஊறி ஏறும்படி செய்வார்கள். பூச்சில் பத்து சதவீதம் போல இரும்பு சேரும். பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாகும். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், ஸ்பாட் வெல்டிங் எளிது. ஐரோப்பியர் பளபளப்பான சுத்த நாகத்தையே விரும்பினார்கள். காரணம் இந்தச் சாம்பல் பூச்சு டையில் பொடியாக உதிரும். பிரஸ் ஷாப்பில் டையைத் துடைத்துத் துடைத்துக் கை சலிக்கும் என்பார்கள்.

ஸ்வீடன் வேறு பாதையில் போனது. குளிர்ந்த தகட்டை வளைப்பது கஷ்டம் என்றால் சூட்டிலேயே வளைத்தால் என்ன? நம் கொல்லன் தினமும் செய்வதுதானே. போரான் கலந்த எஃகை 900 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் ஓடும் டைக்குள் அமுக்கி, அங்கேயே குளிரவைத்தால் 1,500 மெகாபாஸ்கல், பழைய கணக்கில் 150 கிலோ. 1970களில் பிறந்த இந்த முறையைக் காரில் முதலில் வைத்தது ஸாப் நிறுவனம், 1984இல், கதவின் உள்ளே மோதல் தாங்கும் உத்திரமாக. அந்தச் சூட்டில் நாகம் நிற்காது, உருகி ஓடும். அதனால் அலுமினியமும் சிலிக்கனும் கலந்த பூச்சு வந்தது. அது கீறலுக்குத் தன்னைக் கரைத்துக் காக்கும் பூச்சு இல்லை, குடை ரகம். நூற்றைம்பது கிலோ வலிமைக்காக மறுபடி திருமலை விமானத்தின் ஏற்பாட்டுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இந்தியாவில் இதெல்லாம் வெகு தாமதம். என் பெரியப்பா ஓட்டிய பழைய கார் ஒன்றில், பெயர் வேண்டாம், காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மழைநாளில் கீழே தார்ச்சாலை ஓடுவது தெரியும். “நிலத்தைப் பார்த்துக்கிட்டே போகலாம்டா” என்பார். கறுப்புத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்து விற்ற காலம் அது. வெளிநாட்டுக் கார்கள் வந்து போட்டியிட்ட பிறகுதான் பூச்சுத் தகடு கட்டாயத் தேவை போல ஆனது. 2012இல் மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் கொரியாவின் போஸ்கோ, ஆண்டுக்கு 4.5 லட்சம் டன் கார்த் தகட்டுக்கு நாகம் பூசும் ஆலை திறந்தது. 2014இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் நிப்பான் ஸ்டீலும் சேர்ந்து ஓடும் தகட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தும் 6 லட்சம் டன் வரிசையை ஓட்டின. வலிமைத் தகட்டின் வெப்பக் கணக்கு அங்கே நடக்கிறது. 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல் கார்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம் என்று வந்ததும் 60 கிலோ, 80 கிலோ, 100 கிலோ எல்லாம் நம் டைகளுக்குள் வரத் தொடங்கின. 2021இல் சிறப்பு எஃகுக்கு மத்திய அரசு அறிவித்த 6,322 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தில் பூச்சுத் தகடும் உயர்வலிமை எஃகும் தனித்தனி வகைகளாக இடம்பெற்றன. இரண்டும் ஒரே தகட்டில் சேரும்போதுதான் வம்பு என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

ஜே.எஸ்.டபிள்யூ.வின் கார்த் தகட்டு ஆலை, ஜப்பானின் ஜே.எஃப்.இ. தொழில்நுட்பத்தோடு, பல்லாரி பக்கம் தோரணகல்லுவில் இருக்கிறது. ஆலையின் பெயர் விஜயநகர். ஹம்பியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 30,000 வராகனோடு ராயர் புறப்பட்ட ஊருக்குப் பக்கத்திலிருந்து இன்று நாகம் பூசிய காயில்கள் புறப்படுகின்றன. இதே நிறுவனம் 2024இல் நாகத்தோடு மக்னீசியமும் அலுமினியமும் கலந்த பூச்சை வெளியிட்டது. ஜப்பானில் கால் நூற்றாண்டாகப் புழக்கத்தில் உள்ள சங்கதி. இதில் ஒரு அழகு உண்டு: தகட்டை வெட்டிய விளிம்பில் பூச்சு இருக்காது அல்லவா, அங்கே மழை பட்டதும் மக்னீசியத்தின் தயவால் அடர்த்தியான ஒரு படலம் விளிம்பின் மேல் படர்ந்து மூடிக்கொள்கிறது. பழவேற்காட்டுக் கரைக்கு இப்படிப்பட்ட தகடுதான் பொருத்தம் என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது.

அதைச் சொல்ல வேண்டியவர்கள் காரைக்குடிக்காரர்கள். அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபம் கேம்ப்பில் ஒரு அரிப்புச் சோதனை நிலையம் உண்டு. கடலைப் பார்த்தபடி சாய்த்த சட்டங்களில் தகடுத் துண்டுகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெயில் காயும். ஆய்வுக்கூடப் பெட்டிக்குள் உப்புநீரைத் தெளித்துச் சில நூறு மணி நேரத்தில் வாங்கும் பதில் ஒன்று. மண்டபத்துக் காற்று நிதானமாகச் சொல்லும் பதில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் நான் காற்றைத்தான் நம்புவேன்.

தடா டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர் தம்பி ஒருவர், நான் நாகத்தைப் புகழ்ந்ததைக் கேட்டுவிட்டு, “சார், நூறு கிலோ ஷீட்டுல ஸ்பாட் வெச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்” என்றார். அவர் சொல்வதும் சரிதான். பூச்சுள்ள உயர்வலிமைத் தகட்டில் வெல்டிங் முனை அமுங்கும் நொடியில் நாகம் உருகி, எஃகின் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் புகுந்து, பட்டென்று விரிசல் விழவைக்கிறது. மென்மையான தகட்டை ஒன்றும் செய்வதில்லை; வலிமையானதாகப் பார்த்துக் கொத்துகிறது. அந்த விரிசலின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)